நினைவுக் கோப்பும் தொலைந்த சாளரமும்

(திருச்சிராப்பள்ளியில் கணினி மாணவர்களும் தமிழ் ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்த முதலமைச்சர் ஜெயலலிதா அந்த ஆண்டு நம் ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் இருந்தன. இயந்திரத்தை முடுக்கும்போது எது வேண்டும் என்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம். ஜியானி போன்ற ஒரு எடிட்டரை இரண்டிலும் நிறுவிக்கொண்டு, பகலில் விண்டோஸில் எழுதிய நிரலை இரவில் லினக்ஸில் தொடரலாம். பல இயங்குதளங்களில் ஓடும் எடிட்டர் என்பது அந்த ஆண்டுகளில் திருவானைக்கோவில் மாணவருக்கும் துறையூர் மாணவருக்கும் ஒரே இயந்திரத்தில் கைக்கு எட்டிய பொருள். ஆகவே அப்படிப்பட்ட எடிட்டர் ஏன் சில நாள் திறக்கவே மறுக்கிறது, ஏன் திறந்தும் அதன் சாளரம் கண்ணில் படுவதில்லை என்ற கேள்விகள் நம் ஊருக்கு அந்நியமானவை அல்ல.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கோளாறுகள் வெளியில் பார்க்க வெவ்வேறானவை. சாளரம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறது. எடிட்டர் திறந்த நொடியில் கிராஷ் ஆகிறது. மறுபடி திறந்தால் மறுபடியும் அப்படியே. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். எடிட்டர் சென்ற முறை எழுதிவைத்ததை இந்த முறையும் உண்மை என்று சோதிக்காமல் நம்புகிறது. கடைசியாகச் சாளரம் எங்கே இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது, எந்தக் கோப்புகள் திறந்திருந்தன என்பதையெல்லாம் எடிட்டர்கள் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. வசதிக்காக அதை நினைவுக் கோப்பு என்று அழைப்போம். அந்தக் கோப்பை ஒரு சாட்சியாகத்தான் நடத்த வேண்டும். விசாரித்த பிறகே ஏற்க வேண்டும். நடைமுறையிலோ பல நிரலர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில், திறக்கும் கணம் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்று பார்ப்போம். திரையில் முதல் எழுத்து தோன்றுவதற்கு முன்பே எடிட்டர் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பயனர் யார், அவருடைய வீட்டுக் கோப்புறை எங்கே, எந்த எழுத்துரு, எத்தனை திரைகள், எந்தெந்தச் செருகுநிரல்கள் என்று கேட்டு வாங்குகிறது. இந்த விடைகளில் எதுவும் அதன் கையில் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு ஏற்படும் பிழையைச் சொல்ல ஒரு சாளரமாவது இருக்கிறது. திறக்கும்போது ஏற்படும் பிழையைச் சொல்லவேண்டிய சாளரமே இன்னும் பிறக்கவில்லை. பயனர் பார்ப்பது வெறுமையைத்தான்: சுட்டியை இருமுறை சொடுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. ஓடும்போது வரும் வழுவைவிடத் திறப்பில் வரும் வழு சிறியதாக இருக்கலாம். ஆனால் அது தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விடுகிறது.

சாளரத்தின் இடத்தை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் ஒரு சாளரத்தைச் சுருக்கிவைத்தால், அது கிடையிலும் செங்குத்திலும் -32000 என்ற இடத்தில் இருப்பதாக இயங்குதளம் கணக்கு வைத்துக்கொள்கிறது. சுருக்கிய நிலையிலேயே பயனர் எடிட்டரை மூடுகிறார் என்று கொள்ளுங்கள். சாளரத்தின் இப்போதைய இடம் எது என்று எடிட்டர் கேட்டு, கிடைத்த எண்ணை அப்படியே நினைவுக் கோப்பில் எழுதினால், அடுத்த முறை அது -32000-இல்தான் திறக்கும். கிராஷ் ஏதும் இல்லை. பணிப்பட்டையில் பெயர்கூடத் தெரியும். சாளரம் மட்டும் இல்லை. சரி, எதிர்மறை எண் வந்தால் தள்ளிவிடலாம் என்று ஒரு நிரலர் அவசரமாகத் திருத்தினால் அதுவும் தவறு. முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இன்னொரு திரையை வைத்திருப்பவருக்கு -1200 என்பது முழுக்க நியாயமான இடம். எண்ணைப் பார்த்து அது மெய்யா பொய்யா என்று சொல்ல வழியில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இப்போது இணைந்திருக்கும் திரைகள் எவை என்று இயங்குதளத்தைக் கேட்டு, சாளரத்தின் தலைப்புப் பட்டை அவற்றுள் ஒன்றிலாவது கையால் பிடித்து இழுக்கும் அளவுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதே சோதனை. கல்லூரியில் புரொஜெக்டரில் நீட்டிவைத்த சாளரத்தை அங்கேயே மூடிவிட்டு, வீட்டில் லேப்டாப்பைத் திறக்கும் மாணவருக்கு இந்தச் சோதனை இல்லாத எடிட்டர் பயன்படாது. லினக்ஸின் புதிய திரை ஏற்பாடான வேலண்ட் இன்னும் ஒரு படி போகிறது. தன் சாளரம் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சாதாரண நிரலுக்கு அது சொல்வதே இல்லை; இங்கே வை என்று கேட்கவும் விடுவதில்லை. சாளர நிரல்கள் எழுத உதவும் கருவித்தொகுப்பான ஜிடிகே, 2020 டிசம்பரில் வந்த தன் 4-ஆம் பதிப்பில், சாளரத்தை நகர்த்தும் பழைய கட்டளையையே நீக்கிவிட்டது. விண்டோஸில் பொருளுள்ள ஒரு வரி, அதே கோப்பில், அங்கே பொருளற்றதாகிவிடுகிறது.

அளவு இதைவிடச் சிக்கலானது. பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். சாளரத்தின் உயரம் என்றால் தலைப்புப் பட்டையையும் விளிம்பையும் சேர்த்தா, சேர்க்காமலா? மூடும்போது சேர்த்து அளந்து, திறக்கும்போது உள்ளளவாக வைத்துவிட்டால், ஒவ்வொரு திறப்பிலும் சாளரம் ஒரு பட்டையளவு வளரும். 600 பிக்சல் உயரமான சாளரம், 30 பிக்சல் பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறை மூடித் திறந்தால் உள்ளளவே 780 ஆகிவிடும். மலிவு லேப்டாப்களில் பரவலாக இருந்த 1366 × 768 திரையில் அது கொள்ளாது. கீழேயுள்ள நிலைப்பட்டை மறைந்துபோகும். லினக்ஸில் பழைய எக்ஸ் திரை ஏற்பாட்டின் கீழ், பட்டையையும் விளிம்பையும் வரைவது வேறொரு நிரல். சாளரம் திரையில் தோன்றும் முன் அவற்றின் தடிமன் எடிட்டருக்கு உறுதியாகத் தெரியாது. எழுதிய நிரலர் விண்டோஸில் மட்டும் சோதித்திருந்தால் இந்த வழுவைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். திரையின் நெருக்கம் இன்னொரு சிக்கல். விண்டோஸ் ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது. 150 விழுக்காடு பெரிதாக்கினால் அது 144 ஆகும். அந்தத் திரையில் 1500 பிக்சல் அகலமாகச் சேமித்த சாளரம், பெரிதாக்காத கணக்கில் 1000 பிக்சல்தான். வெறும் 1500 என்று மட்டும் எழுதிவைத்து, 1366 அகலமுள்ள திரையில் திறந்தால் ஓரம் வெளியே போய்விடும். எண்ணோடு அது எந்த நெருக்கத்தில் எடுத்த அளவு என்பதையும் எழுதாவிட்டால், பின்னர் எத்தனை கவனமாகப் படித்தாலும் பயனில்லை.

தமிழில் இடைமுகம் வைத்தால் சிக்கல் கூடுகிறது. ஆங்கிலத்தில் ‘அண்டூ’ என்று நான்கே எழுத்தில் அடங்கும் பொத்தானில் ‘செயல்தவிர்’ என்று எழுத வேண்டும். ‘விருப்பத்தேர்வுகள்’ என்ற சொல் பட்டியலின் அகலத்தையே மாற்றிவிடும். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட நம் எழுத்துகளுக்கு வரி உயரமும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்தில் அளவெடுத்த அமைப்புப் பெட்டி தமிழில் 768 பிக்சலைத் தாண்டி, ‘சரி’ என்ற பொத்தான் பணிப்பட்டைக்கு அடியில் போய்விடலாம். இமேக்ஸ் எடிட்டரில் எழுத்துருவை மாற்றினால், வரிகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகச் சாளரமே அளவு மாறும். அமைப்புக் கோப்பைப் படிக்கும் முன்பே சாளரம் தோன்றி, படித்த பிறகு துள்ளி அளவு மாறும் தொல்லை அதில் நெடுங்காலம் இருந்தது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில், சாளரம் உருவாவதற்கு முன்பே படிக்கப்படும் தனி அமைப்புக் கோப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். 1985-இலிருந்து வளர்ந்துவரும் ஒரு எடிட்டர், எதை எந்த வரிசையில் கேட்பது என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டு கழித்தும் விடையைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

இனி கிராஷுக்கு வருவோம். இங்கே நம் ஊர்ப் பெயர்களே நல்ல சான்று. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்காகத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுவதுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் படியெடுத்துத் தட்டச்சிடும் ஒருவர் தம் கணினியில் ‘ஸ்ரீரங்கம்’ என்று ஒரு கோப்புறை வைப்பது இயல்பு. நம் கண்ணுக்கு அந்தப் பெயரில் ஐந்து எழுத்துகள்: ஸ்ரீ, ர, ங், க, ம். யூனிகோடில் அவை பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் முப்பது பைட்டுகள். எழுத்து என்றால் ஒரு பைட்டு என்று கணக்கிட்டுக் கோப்புப் பாதைக்கு இடம் ஒதுக்கிய நிரல் இங்கே எல்லை மீறும். இன்னும் நுட்பமானது அந்த ‘ஸ்ரீ’. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் உருவாக்கிய கோப்புறையை வேறொரு விசைப்பலகையில் தட்டித் தேடினால், கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. வடக்கே ஓடும் கொள்ளிடத்துக்கும் இதே கதிதான். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மேக் கணினிகள் நெடுங்காலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிறது. ஆகவே மேக்கில் எழுதப்பட்ட நினைவுக் கோப்பில் உள்ள ‘கொள்ளிடம்’, லினக்ஸில் இருக்கும் ‘கொள்ளிடம்’ ஆகாமல் போகலாம். எடிட்டர் அந்தக் கோப்பைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நிரலர் எழுதாதிருந்தால் அங்கேயே விழுகிறது.

விண்டோஸில் இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. யூனிகோடுக்கு முந்திய காலத்தில் விண்டோஸ் பல மொழிக்குழுக்களுக்குத் தனித்தனிக் குறியீட்டுப் பட்டியல் வைத்திருந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஒன்று, ரஷ்ய மொழிக்கு ஒன்று, ஜப்பானியத்துக்கு ஒன்று. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் ஆதரவு வந்தபோது யூனிகோடு வழியாக மட்டுமே வந்தது. பழைய கட்டளைகளால் கோப்பைத் திறக்கும் எடிட்டருக்கு, தமிழில் பயனர் பெயர் வைத்தவரின் வீட்டுக் கோப்புறை வெறும் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேரும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்கப்படாத குறி. அமைப்புக் கோப்பு திறக்காது. திறந்ததா என்று பார்க்காமல் படிக்கப்போகும் நிரல் அந்த நொடியே முடிந்துவிடும். பாரிஸில் இருக்கும் நிரலர் தம் பெயரில் உள்ள மேற்குறியோடு சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பார். அவருடைய மொழிக்குப் பழைய பட்டியலில் இடம் உண்டு. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, ஒரு நிரல் தன் பழைய கட்டளைகளையும் யூடிஎஃப்-8-இல் நடத்தும்படி கேட்டுக்கொள்ளலாம். கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நிரலருக்குத் தெரிந்திருந்தால்தான் அது உதவும்.

நினைவுக் கோப்பு முழுதாக இருந்தால் இத்தனையும். பாதியாக இருந்தால்? 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை இந்த அவையில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கும் நொடியில் மேசைக் கணினி அணைந்தால், மிஞ்சுவது பூச்சிய நீளமுள்ள கோப்பு. 2009-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை பரவத் தொடங்கியபோது இதே காரணத்தால் அமைப்புக் கோப்புகள் வெறுமையாகிப்போவதாகப் பலர் முறையிட்டனர். உருவாக்குநரான தியோடர் ட்ஸோ அதற்கு விரிவாக விளக்கம் எழுதி, கோப்பு முறையிலும் ஒரு திருத்தம் செய்தார். எடிட்டர் செய்யவேண்டியது எளியது: புதிய பெயரில் முழுதும் எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதி செய்து, அதன் பிறகே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். இது எல்லா இயங்குதளத்திலும் முடியும்.

மிகக் கொடியது, திறப்பும் வீழ்ச்சியும் சங்கிலியாவது. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐஃபோன் செயலிகளை விழச்செய்தது. அந்த எழுத்துள்ள செய்தி ஒன்று வந்தால், செய்திச் செயலி திறந்தவுடன் அதைக் காட்ட முயன்று விழும். மறுபடி திறந்தால் அதே செய்தியைக் காட்ட மறுபடியும் முயலும். பிப்ரவரி 19-ஆம் நாள் ஆப்பிள் ஐஃபோன் இயங்குதளத்தின் 11.2.6 பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. கடைசியாகத் திறந்திருந்த கோப்பைத் தானே திறந்து உதவும் எந்த எடிட்டருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: அடுத்தடுத்து விழுந்தால், பழைய பக்கங்களைத் தானே திறக்காமல் எவை வேண்டும் என்று பயனரைக் கேட்கிறது.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். “எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் போதுமே” என்பார்கள். போதாது. நினைவுக் கோப்பு பயனரின் வீட்டுக் கோப்புறையில் இருக்கிறது. நீக்கும்போது பெரும்பாலும் அது அப்படியே தங்கிவிடும். கோப்புறையையே அழித்தால் எடிட்டர் திறக்கும் என்பது உண்மை. அதோடு வழுவின் ஒரே தடயமும் அழிந்துவிடும். அதே நிலை அடுத்தவருக்கு வரும்போது யாரிடமும் விடை இருக்காது. “உலாவித் தொழில்நுட்பத்தில் எடிட்டரை எழுதினால் இந்தத் தொல்லை இல்லை” என்பது அடுத்தது. விஷுவல் ஸ்டூடியோ கோட் அப்படி எழுதப்பட்டதுதான். சேமித்த சாளர நிலையை இணைந்திருக்கும் திரைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அதன் மூலநிரலில் தனிப் பகுதியே இருக்கிறது. அடித்தளம் மாறினாலும் சந்தேகப்படும் கடமை மாறவில்லை. “கோப்புறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்” என்ற அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். இயங்குதளம் அனுமதிக்கும் பெயரை மறுக்க எடிட்டருக்கு உரிமை இல்லை. தமிழில் எழுதுவதற்காக ஒரு கருவியைத் திறப்பவரிடம், தமிழில் பெயர் வைக்காதே என்று சொல்வது கருவியின் தோல்வியைப் பயனர்மேல் சுமத்துவது.

கனமான எதிர்வாதம் இன்னொன்று. ஒவ்வொன்றையும் சந்தேகித்து, தவறாக இருந்தால் இயல்புநிலைக்குத் திரும்பு என்று எழுதினால், உண்மையான வழுக்கள் மூடி மறைக்கப்படும். எடிட்டர் ஏன் தவறான எண்ணை எழுதியது என்று யாரும் தேடமாட்டார்கள் என்கிறார்கள் அனுபவமுள்ள நிரலர்கள். இது நியாயமான அச்சம். வெறுமனே பிழையை விழுங்கும் நிரல் கிராஷ் ஆகும் நிரலைவிட நல்லதென்று சொல்ல முடியாது. ஆனால் சாட்சியை நிராகரிப்பதும் சாட்சியத்தை எரிப்பதும் வேறு. ஏற்க முடியாத நினைவுக் கோப்பை வேறு பெயரில் பத்திரமாக ஒதுக்கி, ஏன் ஒதுக்கியது என்று ஒரு வரி பதிவுக் கோப்பில் எழுதி, இயல்பான அளவில் சாளரத்தைத் திறந்து, நடந்ததைப் பயனருக்குச் சொல்ல வேண்டும். அப்போது பயனருக்கு எடிட்டரும் கிடைக்கிறது, நிரலருக்குத் தடயமும் கிடைக்கிறது. இமேக்ஸில் கியூ என்ற ஓரெழுத்துத் தெரிவும், விம் எடிட்டரில் ‘கிளீன்’ என்ற தெரிவும் பயனரின் அமைப்புகள் எதையும் படிக்காமல் எடிட்டரைத் திறக்கின்றன. இத்தகைய வாசலை அவற்றின் ஆசிரியர்கள் வைத்திருப்பதே, திறப்புக் கோளாற்றை எங்கே தேட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்ததைக் காட்டுகிறது. அந்த வழியில் திறந்து, வழு மறைந்தால் குற்றம் நினைவுக் கோப்பிலோ அமைப்பிலோ செருகுநிரலிலோ இருக்கிறது. பிறகு பாதி வரிகளை நீக்கிப் பார், மிச்சத்தில் பாதியை நீக்கிப் பார் என்று போனால், ஆயிரம் வரிக் கோப்பிலும் பத்தே முறையில் குற்றவாளி வரி அகப்படும்.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உலகின் பெரிய எடிட்டர்களில் பலவும் திறந்த மூலநிரல் கொண்டவை. எழில் என்ற தமிழ் நிரல்மொழிக்கென எழுதி என்ற எடிட்டரும் செய்யப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு நிரல் எழுதித் தருவதற்கு முன்பே நீங்கள் தரக்கூடிய உதவி ஒன்று உண்டு. தமிழில் பெயர் வைத்த ஒரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள். அதில் ‘ஸ்ரீரங்கம்’ என்ற கோப்புறையை இரண்டு குறியீட்டு முறைகளிலும் உருவாக்குங்கள். ‘கொள்ளிடம்’ என்று ஒரு கோப்பு வையுங்கள். புரொஜெக்டரில் சாளரத்தை விட்டுவிட்டு வயரைப் பிடுங்குங்கள். சுருக்கிய நிலையில் மூடுங்கள். பழைய 1366 × 768 லேப்டாப்பில் திறந்து பாருங்கள். விழுந்தால், இயங்குதளத்தின் பதிப்பையும் திரைகளின் அளவையும் குறித்துக்கொண்டு, நினைவுக் கோப்பின் படியைத் தனிப்பட்ட விவரங்களை நீக்கி, வழு அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். கோப்பை அழிப்பதற்கு முன் அனுப்புங்கள்.